வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே செய்யும் நத்தார் நாட்காட்டி

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பகுதி சிறுவர்களுக்கான அட்வென்ட் கலண்டர் பற்றியதாக இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் அதற்கே எடுத்துக்கொண்டோம். டிசம்பர் 1 முதல் 24 வரையான ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கதவோ உறையோ பெட்டியோ அமைத்து, நாளுக்கு ஒன்றாகத் திறந்தபடி நத்தாருக்குக் காத்திருக்கும் நாட்காட்டி அது என்பதை, அறியாதோருக்காகச் சொல்லிவிட்டுக் கடிதங்களுக்குச் செல்கிறோம்.

எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். கடைகளில் சொக்லேட் நிரப்பி விற்கும் அட்வென்ட் கலண்டரின் விலை எங்கள் வசதிக்கு மிஞ்சியது. இரண்டு வாங்காவிட்டால் வீட்டில் சண்டை. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே ஒன்று செய்ய விரும்புகிறேன். எனக்குக் கைவேலை அவ்வளவாக வராது. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு தாய், வெள்ளவத்தை

கத்தரிக்கோலையும் பசையையும் எடுப்பதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்து, 1 முதல் 24 வரை எண்களை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அன்றைக்கு உள்ளே என்ன இருக்கும் என்பதை எழுதிவிடுங்கள். பெரும்பாலானோர் பெட்டியை அழகாகச் செய்து முடித்துவிட்டு, உள்ளே வைப்பதற்குப் பொருள் தேடி முதல் வாரத்திலேயே களைத்துப்போகிறார்கள். இருபத்து நான்கு பரிசுகள் வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நான்கைந்து நாட்களுக்கு மட்டும் கையில் எடுக்கக்கூடிய ஒரு சிறு பொருளும், மற்ற நாட்களில் 'இன்றைக்கு இதைச் செய்வோம்' என்று எழுதிய ஒரு துண்டுத் தாளும் இருந்தால் தாராளமாகப் போதும். வாசிக்கத் தெரியாத மகனுக்காகத் துண்டுத் தாளில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படத்தையும் வரைந்துவிட்டால், அவன் அக்காவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

கைவேலை வராதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நெருப்புப்பெட்டிதான். ஒரே அளவான 24 வெற்றுப் பெட்டிகள் வேண்டும். ஒரு வீட்டில் ஒரு மாதத்துக்குள் அவ்வளவு சேராது என்பதால், ஒக்டோபரிலேயே பக்கத்து வீட்டாரிடமும் உறவினரிடமும் சொல்லி வைப்பது நல்லது. புதுப்பெட்டிகளை வாங்கிக் குச்சிகளை வெளியே எடுப்பதானால், அந்த வேலையைப் பிள்ளைகள் உறங்கிய பின் நீங்களே செய்து, குச்சிகளை மூடியுள்ள தகர டப்பா ஒன்றில் போட்டு, உரசுவதற்கு ஒரு பெட்டியை மட்டும் தனியாக எடுத்து, இரண்டையும் எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள்.

இனி ஒட்டும் முறை. முதலில் உள்ளே இருக்கும் லாச்சிகளை எல்லாம் வெளியே இழுத்து எடுத்துவிட்டு, வெளிக்கூடுகளின் அகன்ற பக்கத்தில் மட்டும் பைண்டர் கம்மை விரல் நுனியால் மெல்லியதாகப் பூசி, நான்கு கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இப்படி ஆறு அடுக்குகள் செய்து, அவற்றைப் பக்கவாட்டில் ஒட்டினால் 24 லாச்சிகள் கொண்ட ஒரு சிறு அலுமாரி கிடைத்துவிடும். பசை ஓரங்களுக்கு வழிந்தால் லாச்சி கூட்டோடு ஒட்டிக்கொண்டு டிசம்பர் மாதம் முழுவதும் உங்களைச் சோதிக்கும். லாச்சி இல்லாமலே காயவிட்டால் கூடுகள் நசுங்கிக் கோணிப்போகும். ஆகையால் பசை சற்றே இறுகியவுடன் லாச்சிகளை உள்ளே தள்ளி, ஒவ்வொன்றையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, முழு அடுக்கையும் இறப்பர் நாடாவால் கட்டி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில், அதிலும் மழை நாட்களில், பசை காய்வதற்கு நாம் நினைப்பதைவிட அதிக நேரம் எடுக்கும். உரசும் பக்கங்களில் வெளியே தெரிபவற்றை மறைக்கும்படி, கடைசியாகச் சுற்றிவர ஒரு பட்டை பிரிஸ்டல் போர்ட்டை ஒட்டிவிட வேண்டும். லாச்சியை இழுப்பதற்கு மணியோ கம்பிப் பிடியோ வைக்காதீர்கள். மூன்றரை வயதுப் பிள்ளை அதைப் பிடுங்கி வாயில் போடும். முன்பக்கத்தில் ஊசியால் ஒரு துளையிட்டு, தடித்த நூலை வளையமாக நுழைத்து உட்புறம் முடிச்சுப் போட்டால் போதும்.

பிள்ளைகளின் பங்கு இதற்குப் பிறகே தொடங்குகிறது. கலர் பேப்பரைக் கிழிப்பது சின்னவருக்கு (வெட்டுவது அல்ல, கிழிப்பது, கிழித்து ஒட்டிய தாளின் ஓரம் வெட்டியதைவிட அழகாகவே இருக்கும்), எண்களை எழுதுவது பெரியவருக்கு. ஆறு வயதில் 7ஐயும் 9ஐயும் திருப்பி எழுதும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். திருத்தி எழுதி அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே விட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் தேடப்போவது அந்தத் திரும்பிய 7ஐத்தான்.

சண்டையைப் பொறுத்தவரை, 24 என்ற எண் பெற்றோருக்குச் சாதகமானது. இரண்டு பிள்ளைகள் என்றால் தலைக்குப் பன்னிரண்டு, மூன்று என்றால் எட்டு, நான்கு என்றால் ஆறு என்று மீதியில்லாமல் பிரியும். ஒற்றை எண்கள் ஒருவருக்கு, இரட்டை எண்கள் மற்றவருக்கு என்று நவம்பரிலேயே பேசி முடித்துவிடுங்கள். 24ஆம் எண் இரட்டையில் வருவதால், அந்தக் கடைசி லாச்சிக்குள் இருவருக்கும் பொதுவான ஒன்றை வையுங்கள். பாலன் குடிலில் வைக்கும் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அன்றிரவு அதற்குள்ளிருந்து எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. லாச்சிக்குள் அடங்கும் அளவில் சிறியதாக இருந்தால் அதற்கு நிகர் வேறில்லை. சின்னவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அதைப் பெரியவர் கையில் கொடுங்கள்.

இன்னொன்று: மூன்றரை வயதுப் பிள்ளைக்கு 'இன்னும் பதினேழு நாள்' என்பது பொருளற்ற சொல். நேற்று, நாளை என்பவையே அந்த வயதில் குழம்பிக் கிடக்கும். கண்ணால் பார்த்து அறியக்கூடிய குறைவுதான் அவனுக்குப் புரியும். எனவே நெருப்புப்பெட்டி அலுமாரிக்குத் துணையாக, 24 வளையங்கள் கொண்ட ஒரு கடதாசிச் சங்கிலியைக் கதவில் தொங்கவிட்டு, தினமும் ஒரு வளையத்தைக் கிழித்து எடுக்கும் வேலையை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். சங்கிலி அவனுடைய உயரத்துக்கு மேலே போய்விட்டால் நத்தார் கிட்டிவிட்டது என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் காலத்தில் கொட்டாஞ்சேனையில் இப்படியொரு கலண்டரை நாங்கள் கண்டதில்லை. கோவிலில் நான்கு மெழுகுதிரிகள் ஏற்றுவார்கள், வீட்டில் குடில் கட்டுவோம், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். இது திருச்சபையின் வழக்கமா, கடைக்காரர்களின் வழக்கமா?
— ஒரு அம்மம்மா, கொட்டாஞ்சேனை

இரண்டும் அல்ல, வீட்டின் வழக்கம் என்பதே சரியான விடை. கடைக்காரர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனியின் லூத்தரன் குடும்பங்கள் நத்தார் வரையான நாட்களைத் தத்தம் வழியில் எண்ணிவந்தன. சில வீடுகளில் கதவில் சுண்ணக்கட்டியால் 24 கோடுகளை இட்டு, தினமும் ஒன்றை அழித்தார்கள். சில வீடுகளில் நாளுக்கு ஒரு படத்தைச் சுவரில் தொங்கவிட்டார்கள். நீங்கள் சொல்லும் மெழுகுதிரி வளையமும் அதே மண்ணில் தோன்றியதுதான். ஹம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய யொஹான் ஹின்றிக் விச்சேர்ன் என்ற போதகர், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தின்மேல் ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் கிழமை நாட்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளுமாக ஏற்றி வைத்தார். நத்தார் எப்போது என்று ஓயாமல் கேட்ட பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த பதில் அது. இன்று நமது ஆலயங்களில் ஊதா நிறத்தில் மூன்றும் இளஞ்சிவப்பில் ஒன்றுமாக ஏற்றும் நான்கு திரிகள், அந்தப் பெரிய வளையத்தின் சுருங்கிய வடிவம்.

அச்சிட்ட நாட்காட்டியைப் பரவச் செய்தவர் கெர்ஹார்ட் லாங் என்ற பதிப்பாளர். அவர் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயார் 24 சிறு இனிப்புகளை ஓர் அட்டையில் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வளர்ந்து மியூனிக் நகரில் அச்சகத் தொழிலில் இறங்கிய லாங், 1908ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முதல் நாட்காட்டியில் கதவுகள் எவையும் இருக்கவில்லை. ஒரு தாளில் 24 சிறு பாடல்களும் இன்னொரு தாளில் 24 படங்களும் இருந்தன. பிள்ளை தினமும் ஒரு படத்தை வெட்டி, அன்றைய பாடலின்மேல் ஒட்ட வேண்டும். கதவு வைத்த வகை 1920ஐ ஒட்டியே வந்தது. இரண்டாம் உலகப்போரில் கடதாசித் தட்டுப்பாட்டால் நின்றுபோன இந்தத் தொழிலை, 1946இல் ஸ்டுட்கார்ட் நகரின் ரிச்சார்ட் செல்மர் மீண்டும் தொடங்கினார். சொக்லேட் நிரப்பியவை பெருவாரியாகப் பரவியது அதற்கும் பிந்திய கதை. ஆகவே பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து வெட்டி ஒட்டுவீர்களானால், கடைச் சரக்கைவிட நீங்களே மூலவடிவத்துக்கு நெருங்கி நிற்பீர்கள்.

ஒரு சிறு பொருத்தமின்மையைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கேட்கக்கூடும். அட்வென்ட் எனப்படும் திருவருகைக்காலம் நத்தாருக்கு முந்திய நான்காவது ஞாயிறன்று தொடங்குவதால், அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்தத் திகதியிலும் வரலாம். 2023இல் டிசம்பர் 3ஆம் திகதியும் 2025இல் நவம்பர் 30ஆம் திகதியும் தொடங்கியது. நாட்காட்டி மட்டும் ஆண்டுதோறும் டிசம்பர் 1ஆம் திகதியே தொடங்குவதற்குக் காரணம் வசதிதான்: அப்படி வைத்தால் அதே நாட்காட்டியை எந்த ஆண்டிலும் பயன்படுத்தலாம்.

சென்ற வருடம் ஆசையாகச் செய்து சொக்லேட் வைத்தோம். மூன்றாம் நாளே எறும்பு மொய்த்துவிட்டது, மிச்சம் உருகிப் பெட்டியோடு ஒட்டிவிட்டது. சொக்லேட் இல்லாவிட்டால் பிள்ளைகள் திறப்பார்களா? வேறு என்னதான் வைப்பது?
— ஒரு தந்தை, வத்தளை

குளிர்நாட்டு டிசம்பருக்கென்று பிறந்த பண்டத்தை, நண்பகலில் 30 பாகையைத் தொடும் நமது டிசம்பரில் கடதாசிப் பெட்டிக்குள் வைத்தால் அப்படித்தான் ஆகும். கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகையில் முழுதாக உருகும். அதற்கு முன்னரே இளகிவிடும். இளகி மீண்டும் இறுகிய சொக்லேட்டின்மேல் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவது மேலெழுந்த கொழுப்புத்தான், பூஞ்சணம் அல்ல. அதை உண்பதால் தீங்கில்லை என்றாலும், அதைக் கண்டதும் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். சொக்லேட் வேண்டுமென்றால் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, அன்றைய லாச்சிக்குள் 'அம்மாவிடம் சிவப்பு டப்பாவைக் கேள்' என்ற துண்டை மட்டும் வையுங்கள். எறும்புக்கும் அதுவே மருந்து. மருந்துச் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போடும் யோசனையை விட்டுவிடுங்கள், அது பிள்ளைகள் கைவைக்கும் இடம்.

சொக்லேட் இல்லாவிட்டால் திறப்பார்களா என்ற ஐயம் உங்களுடையது, பிள்ளைகளுடையது அன்று. நாளின் ஒரு குறித்த வேளையில் அப்பாவோ அம்மாவோ வேறு வேலை எதையும் பாராமல் பக்கத்தில் அமர்ந்து, ஒன்றாக ஒரு காரியத்தைச் செய்யப்போகிறார்கள் என்பதே அவர்களுக்குப் பண்டத்தைவிடப் பெரிது. நத்தார் வீட்டில் எப்படியும் செய்தாக வேண்டிய வேலைகளையே எடுத்து நாட்களுக்குப் பிரித்துப் போட்டுவிடுங்கள். கேக்குக்கு முந்திரிகை வற்றலும் பூசணி தோசியும் சவ்சவ்வும் நறுக்கும் நாள் ஒன்று. மழுங்கிய கத்தியால் பிள்ளையும் ஒரு கிண்ணம் நறுக்கட்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அப்பப்பாவுக்கு வாழ்த்து அட்டை எழுதும் நாள் ஒன்று, அதைத் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடும் நாள் இன்னொன்று. டிசம்பரின் நடுப்பகுதிக்கு முன்னரே அதைச் செய்துவிட்டால் நத்தாருக்கு முன் போய்ச் சேரும். குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்றால் 12ஆம் 13ஆம் திகதியளவில் தகரத் தட்டில் மண்ணிட்டுக் குரக்கனோ பயறோ விதைக்க வேண்டும். அதன்பின் வரும் நாட்களில் இரண்டு மூன்றை 'தண்ணீர் தெளித்து, எவ்வளவு வளர்ந்தது என்று அளந்து பார்' என்பதற்கே ஒதுக்கலாம். அடிமட்டத்தைப் பிடித்து அளக்கும் பிள்ளையின் கவனத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

திருநாட்களும் துணைக்கு வரும். டிசம்பர் 6 புனித நிக்கொலசின் நாள், இன்றைய நத்தார் தாத்தாவின் மூலக்கதை அங்கேதான் இருக்கிறது; ஆயராக இருந்த அவர் இரகசியமாகப் பரிசு கொடுத்த கதையைச் சொல்லி, பிள்ளைகளின் சப்பாத்துக்குள் ஒரு தோடம்பழத்தை வைத்துவிடுங்கள். டிசம்பர் 13 புனித லூசியாவின் திருநாள், கொட்டாஞ்சேனைப் பேராலயம் அவருடைய பெயரைக் கொண்டது. ஓர் எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உந்துவப் போயா விடுமுறை வரும் நாளில் காலிமுகத்திடலுக்குக் கூட்டிச்சென்று பட்டம் விடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் கடதாசிக் கப்பல். புறக்கோட்டைக்குப் போவதை மட்டும் டிசம்பர் 10க்கு முன் முடித்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு அந்த நெரிசலில் சிறுபிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது பரிசல்ல, தண்டனை.

பொருள் வைக்கும் நாட்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால், கழிவறைக் கடதாசிச் சுருளின் நடுக்குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளையும் அதன் கைக்கு எட்ட விடக்கூடாது. தொண்டையில் சிக்கும் அளவு அதுதான். கடினமான ரொபிகளும், முழுக் கஜுவும் கச்சானும் ஐந்து வயதுவரை வேண்டாம். எல்லாவற்றிலும் ஆபத்தானவை, மினுங்கும் சிறு மெழுகுதிரிப் பொம்மைகளிலும் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் இருக்கும் பொத்தான் வடிவ பற்றரிகள். விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று ஐயம் வந்தாலே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

நாங்கள் சைவர்கள். மாடியில் எதிர்வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து எங்கள் ஐந்து வயது மகளும் கலண்டர் வேண்டும் என்கிறாள். மறுக்கவும் மனமில்லை, அப்படியே செய்துகொடுக்கவும் சங்கடமாக இருக்கிறது.
— ஒரு தாய், பம்பலப்பிட்டி

எதிர்வீட்டு நாட்காட்டியை எதிர்வீட்டிலேயே கொண்டாட விடுங்கள்; அங்கு சென்று ஒரு நாள் லாச்சி திறந்துவிட்டு வருவதில் எவருக்கும் குறை வராது. உங்கள் வீட்டில் நத்தாரின் பொருளை எடுத்துவிட்டு வெறும் இனிப்புப் பெட்டியைச் செய்துகொடுப்பதை மட்டும் நான் விரும்பவில்லை, அது இரு சமயத்தாருக்கும் மரியாதையாக இராது.

நாட்களை எண்ணிக் காத்திருப்பது நமக்கு இரவல் வாங்க வேண்டிய பழக்கமும் அன்று. கார்த்திகைத் தேய்பிறைப் பிரதமையில் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சட்டி வரை 21 நாட்கள் பிள்ளையார் கதை படித்து, 21 இழை கொண்ட காப்பு நூலைக் கையில் கட்டும் விரதத்தை உங்கள் அம்மம்மா நிச்சயம் அறிந்திருப்பார். அந்த 21 நாட்களுக்கு 21 உறைகள் தைத்து, கதையின் ஒவ்வொரு பகுதிக்கும் மகளையே ஒரு படம் வரையச் செய்யலாம். 21 நாள் நீளம் என்று தோன்றினால், மார்கழியில் திருவாதிரையோடு நிறைவுறும் பத்து நாள் திருவெம்பாவைப் பூசைக் காலம் ஐந்து வயதுக்கு இன்னும் பொருத்தமானது. திருவெம்பாவையில் 20 பாடல்கள் உண்டு. நாளுக்கு இரண்டு பாடலின் முதலடியை உறைக்குள் எழுதி வையுங்கள். விடியற்காலைப் பூசைக்கு அவள் எழும்புவாளா என்பது வேறு விடயம். தைப்பொங்கலுக்குச் செய்வதென்றாலும் கடைசிப் பத்து நாட்களே போதும்: புதுப்பானை வாங்குவது, கோலத்துக்கு மாவிடிப்பது, தோரணத்துக்கு மாவிலை கேட்டு வைப்பது என்று வேலைகள் தாமாகவே வரிசையில் நிற்கும். மகள் செய்து முடித்ததும் எதிர்வீட்டுப் பிள்ளையையும் அழைத்து ஓர் உறையைத் திறக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து வீடு வரும்போது ஏழு மணி தாண்டிவிடும். சில நாட்களில் கலண்டரில் வைக்க மறந்துவிடுகிறேன். பிள்ளை வெற்றுப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருக்கிறது. பொறுமையைப் பழக்குவதற்கு இது நல்லது என்கிறார்கள், உண்மையா?
— தொழிலுக்குச் செல்லும் ஒரு தாய், தெகிவளை

பொறுமையைப் பழக்குவதா என்பதற்கு முன், பிள்ளை எதை நம்பிக் காத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இனிப்பு ஒன்றை முன்னால் வைத்து, 'உண்ணாமல் பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும்' என்று கூறிச் செய்த பரிசோதனைகள் பிரபலமானவை. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதே பரிசோதனையைச் சற்று மாற்றிச் செய்து, 2013இல் முடிவுகளை அச்சிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 'நல்ல வர்ணக் கட்டிகள் கொண்டுவருகிறேன்' என்று வாக்களித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்; மறு பகுதியினரிடம் வாக்களித்துவிட்டு, இல்லையென்று வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதன் பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடமே பொறுத்தனர். சொன்னது வந்து சேராத இடத்தில் காத்திருப்பதில் பயனில்லை என்று பிள்ளை கணக்கிடுவது பொறுமையின்மை ஆகாது.

ஆகவே ஒன்றும் பேசாமல் இருக்கும் உங்கள் பிள்ளையைப் பற்றியே நான் அதிகம் யோசிப்பேன். அழுது ஆர்ப்பாட்டம் செய்திருந்தால் எளிது. நவம்பர் கடைசி ஞாயிறன்று ஒரே இருப்பில் 24 துண்டுகளையும் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். இரவோடிரவாக நிரப்பும் முறை தொழிலுக்குச் செல்பவர்களுக்கு ஒத்துவராது. கிழமை நாட்களுக்கு ஐந்து நிமிடத்தில் முடியும் காரியங்களையே எழுதுங்கள்: ஒரு பாட்டு, விளக்கை அணைத்துவிட்டு மெழுகுதிரி வெளிச்சத்தில் இரவுச் சாப்பாடு, தாத்தாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நேரமெடுப்பவற்றை சனி ஞாயிறுக்கு வையுங்கள். திறக்கும் வேளையையும் காலையிலிருந்து இரவுக்கு மாற்றிவிடலாம். பாடசாலை வான் ஹோர்ன் அடிக்கும் அவசரத்தில் எதற்கு? அப்படியும் 24 நாள் உங்களால் முடியாது என்று தோன்றினால், நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு பெட்டிகள் மட்டும் செய்யுங்கள். இருபத்து நான்கில் ஏழு வெறுமையாக இருப்பதைவிட நான்கில் நான்கும் நிறைந்திருப்பது மேல்.

மகன் முதலாம் திகதி இரவே எல்லாக் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டான். என்ன செய்வது?
— ஒரு தந்தை, முகத்துவாரம்

மூடி வையுங்கள். துண்டுத் தாள்கள் என்றால் எண் மாற்றிப் போடுங்கள். இனிப்பு என்றால் அவன் 24ஆம் திகதிவரை மற்றவர்கள் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதற்குமேல் தண்டனை வேண்டாம்.

மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயதுக்குக் குறைந்த முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே சந்திக்கிறோம். இந்த நாட்காட்டியை வகுப்புக்கு ஏற்ற விதத்தில் செய்ய வழியுண்டா?
— ஓர் ஆசிரியை, மட்டக்குளி

வகுப்புக்கு ஈசாய் மரமே பொருத்தம். தாவீது அரசரின் தந்தையான ஈசாயின் அடிமரத்திலிருந்து தளிர் தோன்றும் என்ற எசாயா இறைவாக்கினரின் வார்த்தையை ஒட்டி எழுந்த வழக்கம் இது. காய்ந்த கொப்பு ஒன்றை மண் நிரப்பிய வாளியில் நட்டு, நோவாவின் பேழை, ஆபிரகாமுக்குக் காட்டப்பட்ட விண்மீன்கள், யாக்கோபின் ஏணி, யோசேப்பின் அங்கி, மோசேயின் கற்பலகைகள், தாவீதின் யாழ் என்று மீட்பின் வரலாற்றை அடையாளங்களாக வெட்டித் தொங்கவிடுவார்கள். வகுப்பில் ஆளுக்கு ஓர் அடையாளத்தைப் பிரித்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கு ஏழெட்டுப் பேராகக் கதையைச் சொல்லித் தொங்கவிடச் செய்தால், நான்கு ஞாயிறுகளில் முப்பது பேரும் முடிந்துவிடுவார்கள். தனது பேழையை எல்லோருக்கும் முன்னால் மாட்டுவதற்குக் கதிரைமேல் ஏறும் பிள்ளை, நோவாவின் கதையைப் பிறகு மறப்பதில்லை.

அதோடு, திறந்து எடுப்பதற்குப் பதிலாக உள்ளே போடும் நாட்காட்டியையும் அறிமுகம் செய்யலாம். வகுப்பின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி; ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஒற்றைப் பொருள்: மைசூர்ப் பருப்பு, சீனி, பால்மா, ரின் மீன், சவர்க்காரம். இதில் பலரும் தவறவிடுவது திகதியை. 24ஆம் திகதி மாலையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெறுகிறவர் நத்தாருக்குச் சமைக்க முடியாது. மூன்றாவது ஞாயிறோடு பெட்டியை மூடி, கட்டி அனுப்பிவிடுங்கள். காலாவதித் திகதியைப் பார்க்கும் வேலையை வகுப்பில் பெரிய பிள்ளைகளிடம் விடலாம். எந்தப் பிள்ளை கொண்டுவந்தது, எது கொண்டுவரவில்லை என்ற பெயர்ப் பட்டியலைத் தயவுசெய்து சுவரில் ஒட்டாதீர்கள். அதே வகுப்பில் அந்தப் பெட்டி தேவைப்படும் வீட்டுப் பிள்ளையும் இருக்கக்கூடும்.

நத்தார் முடிந்தபின் அடுத்த ஆண்டுக்கு இதை எப்படி எடுத்து வைப்பது? எங்கள் வீட்டில் கடதாசிப் பொருள் எதுவும் ஆண்டு தாண்டுவதில்லை.
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

கடற்கரை ஓரத்து வீடுகளில் கடதாசிக்கு எதிரிகள் ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரப்பானும். கோதுமை மாக் கூழால் ஒட்டியிருந்தால் பூச்சிக்கு அதுவே விருந்து, ஆகவே எடுத்து வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே பைண்டர் கம்மைப் பயன்படுத்துவது நல்லது. மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்து குடிலைக் கலைக்கும்போது, இனிப்புத் துகள் ஒன்றும் இல்லாமல் லாச்சிகளைத் தட்டி, வெயில் உள்ள ஒரு நாளில் நிழற்காற்றில் உலரவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மருந்துப் போத்தல்களிலும் புதுச் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் நான்கைந்தைச் சேர்த்துப் போட்டால் ஈரம் ஏறாது. பூச்சி உருண்டை போடாதீர்கள். இனிப்பென்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் போடும் நச்சு அது, அதன் மணமும் அடுத்த டிசம்பர்வரை லாச்சிகளை விட்டுப் போகாது. பெட்டியின் மேல் ஆண்டையும் எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள்.